நிற்கிற கயிறு, ஓடுகிற கயிறு: ரோப் கார் எப்படிப் போகிறது?

பழனிக்குப் போய்த் திரும்பிய பெரியம்மா, பஞ்சாமிர்த டப்பாவோடு நேராக மண்டபம் கடற்கரைக்கே வந்துவிட்டார். பெரியப்பா அங்கே நங்கூரக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏறும்போது வின்ச்சுல போனோம் தம்பி, இறங்கும்போது ரோப் கார். ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டையும் கயிறுதானே இழுக்குது?" என்று கேட்டார் பெரியம்மா.

பெரியப்பா தலை நிமிராமலேயே, "வின்ச்சு நம்ம போட்டுலயும்தான் கெடக்கு" என்றார்.

கேள்வி நல்ல கேள்வி. இராமநாதபுரம் கடற்கரையில் மலை கிடையாது. இராமேசுவரத்தில் கெந்தமாதன பர்வதம் என்று சொல்கிறோமே, அதுவும் ஒரு மேடுதான். ரோப் கார் பார்க்க வேண்டுமென்றால் வெளியூர்தான் போக வேண்டும். ஆனால் கயிறு, கப்பி, வின்ச் என்று நாள் முழுக்கப் புழங்குகிற ஊர் இது. இங்கே ஒருவருக்கு ரோப் காரைப் புரியவைப்பது மலையூர்க்காரருக்குப் புரியவைப்பதைவிட எளிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று சாயங்காலம் அவர்கள் இருவரிடமும் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வின்ச். பழனியில் 1966 முதல் ஓடுகிற வின்ச், தண்டவாளத்தில் போகிற வண்டி. ஆட்களின் எடையைத் தாங்குவது தரையும் தண்டவாளமும். கயிற்றுக்கு அங்கே ஒரே வேலை, இழுப்பது. விசைப்படகில் மடிவலையை இழுக்கிற வின்ச்சும் அதே மாதிரிதான். உருளை சுழலும், இரும்பு வடம் அதில் சுற்றிக்கொள்ளும், மறுமுனையில் கட்டியது கிட்டே வரும். பெரியப்பா சொன்னது முழுக்கச் சரி.

ரோப் கார் பழனிக்கு 2004-இல் வந்தது. அதில் பெட்டிக்குக் கீழே வெறும் காற்று. தாங்குவதும் கயிறு, இழுப்பதும் கயிறு. இந்த இரண்டு வேலையையும் ஒரே கயிறு பார்க்கிறதா, இல்லை தாங்க ஒன்று, இழுக்க ஒன்று என்று பிரித்துக்கொள்கின்றனவா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் உலகத்தில் எந்த ரோப் காரைப் பார்த்தாலும் அது என்ன வகை என்று சொல்லிவிடலாம். ஓடுகிற கயிறு மட்டும் இருந்தால் ஒரு குடும்பம். நிற்கிற கயிறும் ஓடுகிற கயிறும் சேர்ந்திருந்தால் இன்னொரு குடும்பம்.

வகைகளுக்குள் போகும் முன் கயிற்றைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நேர்கோடாக நிற்காது. கொஞ்சமாவது தொய்யும். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு பனைமரம் நிற்கிறது, நடுவில் கயிறு கட்டி 10 கிலோ மீன் கூடையைத் தொங்கவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு நடுவில் 1 மீட்டர் தொய்ந்தால், கயிற்றில் இருக்கிற இழுவிசை ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமம். 10 சென்டிமீட்டர்தான் தொய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 250 கிலோ. 1 சென்டிமீட்டர் என்றால் 2,500 கிலோ. கூடை அதே 10 கிலோதான்! கயிறு தன் நீளத்தின் திசையில் மட்டுமே இழுக்கும்; அது சாய்ந்திருக்கிற அளவுக்குத்தான் எடையை மேல்நோக்கித் தூக்க முடியும். சாய்வு குறையக் குறைய, அதே எடையைத் தூக்க அது எக்கச்சக்கமாக இழுபட வேண்டியிருக்கும். ரோப் கார் கம்பி இரண்டு தூண்களுக்கு நடுவே தொங்கலாகத் தெரிவதைப் பார்த்து "ஐயோ, லூசாக் கெடக்குதே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தொய்வு பொறியாளர் கணக்குப் போட்டு விட்டுவைத்தது.

அடுத்தது கயிறு எதனால் ஆனது என்பது. 1644-இலேயே இன்றைய போலந்தின் கதான்ஸ்க் நகரில் ஆதாம் வைபே என்ற பொறியாளர், கோட்டைச் சுவருக்கு மண் கொண்டுவர ஒரு கயிற்றுப் பாதை அமைத்தார். மரத்தூண்கள், நாரால் முறுக்கிய கயிறு, அதில் தொங்குகிற மண் கூடைகள். இழுத்தவை குதிரைகள். ஆனால் நார்க்கயிறு இற்றுப்போகும். சுரங்கங்களில் பயன்படுத்திய இரும்புச் சங்கிலியோ, ஒரு கண்ணி விட்டால் மொத்தமும் போய்விடும். 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆல்பர்ட், இரும்புக் கம்பிகளைக் கயிறு போலவே முறுக்கினார். மூன்று பிரி, பிரிக்கு நான்கு கம்பி. நம் ஊர் முப்பிரிக் கயிற்றின் அமைப்பேதான். இதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை பாரத்தை வாங்கிக்கொள்ளும், அறுந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு எச்சரிக்கும். சங்கிலி இப்படி முன்கூட்டிச் சொல்லாது. மனிதனைக் காற்றில் தொங்கவிடும் தைரியம் இந்தக் கம்பிவடத்திலிருந்துதான் வந்தது என்பேன்.

சரி, இனி வகைகள். ஓடுகிற ஒற்றை வடத்திலிருந்து தொடங்கலாம். இதை மோனோகேபிள் என்கிறார்கள். மேலே ஒரு நிலையம், கீழே ஒரு நிலையம், இரண்டிலும் ஆளுயரத்தைவிடப் பெரிய சக்கரம். முனையே இல்லாத வட்டமான வடம் இரண்டு சக்கரத்தையும் சுற்றி ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு சக்கரத்தை மோட்டார் சுழற்றும். இன்னொன்றை எதிரெடையோ (தொங்கவிட்ட பாரம்) நீரழுத்தக் கருவியோ பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்படிப் பிடிக்காவிட்டால் தொய்வு நேரத்துக்கு ஒன்றாக மாறிவிடும். வெயில் ஏறி 10 டிகிரி கூடினாலே 1 கிலோமீட்டர் எஃகு வடம் சுமார் 12 சென்டிமீட்டர் நீளும்.

முனையில்லாத வடம் என்றதும் பெரியப்பா கை நின்றது. "எங்கயாவது சேர்த்துத்தானே ஆகணும்? முடிச்சுப் போட்டா கப்பியில ஏறாதே."

"முடிச்சு இல்ல பெரியப்பா. நீங்க செய்றதுதான், பிரிச்சுப் பின்றாங்க."

அவர் மடியில் கிடந்த கயிற்றிலேயே அதைக் காட்ட முடிந்தது. இரண்டு முனைகளையும் பிரிபிரியாக அவிழ்த்து, ஒன்றின் பிரி விலகிய பள்ளத்தில் மற்றதன் பிரியைப் படியவைத்து, கடைசி நுனியை உள்ளே திணிப்பது. எஃகு வடத்திலும் அதே வித்தைதான், அளவுதான் வேறு. சேர்க்கிற இடம் வடத்தின் விட்டத்தைப் போல 1,200 மடங்கு நீளமாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 40 மில்லிமீட்டர் வடம் என்றால் 48 மீட்டர்! அத்தனை நீளத்துக்கு நிதானமாகப் பின்னினால்தான் சேர்த்த இடம் பருமன் கூடாமல் சக்கரத்தில் ஏறி இறங்கும். இன்றைக்கும் இந்த வேலையைப் பழகிய கைகள்தான் செய்கின்றன. பெரியப்பா அந்த 48 மீட்டரை மனசுக்குள் அளந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

இந்த ஓடுகிற வடத்தில் பெட்டியை எப்படி மாட்டுவது? அதில்தான் இரண்டு பிரிவு. நிரந்தரமாகக் கவ்வவைத்துவிடுவது ஒன்று. நாற்காலி வடத்தோடு வடமாகச் சுற்றிக்கொண்டேயிருக்கும். 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரில் வந்த முதல் சேர்லிஃப்ட் இப்படிப்பட்டது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கர்ரன், அதற்கு முன்னால் வாழைத்தார்களைக் கொக்கியில் தொங்கவிட்டுக் கப்பலுக்கு ஏற்றுகிற கம்பிவட ஏற்பாட்டில் வேலை செய்தவர். தார் தொங்கிய இடத்தில் நாற்காலியை மாட்டிவிட்டார். துறைமுகத்து வேலை பனிமலைக்குப் போன கதை என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நிரந்தரக் கவ்வலில் ஒரு தொல்லை. ஆள் ஏறி இறங்குகிற வேகத்தில்தான் மொத்த வடமும் ஓட முடியும். விநாடிக்கு இரண்டரை மீட்டர் போனாலே அதிகம். வேகத்தைக் கூட்டினால் பாட்டி எப்படி ஏறுவார்? வடத்தை நிறுத்தினால் வழியில் தொங்குகிற எல்லாரும் நிற்க வேண்டும்.

இதற்குக் கிடைத்த விடையைக் கரைவலை இழுப்பவர்கள் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். கரைவலையில் வடத்தை இழுக்கிறவர், இடுப்பில் கட்டிய துண்டுக்கயிற்றை வடத்தில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு பின்னோக்கி நடப்பார். மேட்டுக்கு வந்ததும் சுற்றைக் கழற்றிக்கொண்டு, அலை தொடுகிற இடத்துக்குப் போய் மறுபடி மாட்டிக்கொள்வார். ஆள் மாட்டுவார், கழற்றுவார், வடம் நிற்காது. கழலும் கவ்வி கொண்ட கோண்டோலாவின், அதாவது மூடிய பெட்டிகள் வரிசையாக ஓடுகிற ரோப் காரின், கதையும் இதுதான். பெட்டியின் தலையில் வலுவான சுருள்வில் வைத்த கவ்வி இருக்கும். நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு வளைவுப் பட்டை கவ்வியின் நெம்புகோலை அழுத்தித் திறக்கும். பெட்டி வடத்தை விட்டுவிட்டு மேலே உள்ள தண்டவாளத்தில் உருளும். வரிசையாகச் சுழலும் சிறு ரப்பர் டயர்கள் அதன் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். பெட்டி ஆமை வேகத்தில் நகரும்போது கதவு திறக்கும், நாம் நடந்தே ஏறலாம். அப்புறம் வேறு டயர்கள் அதை முடுக்கி, வடத்தின் வேகம் சரியாக வந்ததும் கவ்வி மூடிக்கொள்ளும். வெளியே வடம் விநாடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஊர்ப் போக்குவரத்துக்கு ரோப் கார் வந்தது இந்தக் கவ்வியால்தான். கொலம்பியாவின் மெதெயின் நகரில் 2004-இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளை மெட்ரோ ரயிலோடு இணைத்தார்கள். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014-இல் தொடங்கியது இன்று பத்துத் தடங்களாக, நகரப் பேருந்து மாதிரி ஓடுகிறது. நம் நாட்டில் வாரணாசியில் ரயில் நிலையத்திலிருந்து கோதௌலியா வரையிலான நகர ரோப்வேக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டியதில்லை, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

இனி நிற்கிற வடம். கனமான ஒரு வடத்தை இரு முனையிலும் இறுகக் கட்டிவிடுவார்கள். அது நகராது. அதுதான் பாதை. பெட்டியின் தலையில் இருக்கிற சக்கரங்கள் அதன்மேல் உருளும். மெல்லிய இன்னொரு வடம் பெட்டியை இழுக்கும். நிற்கிற வடத்தின் மேற்பரப்பு கையால் தடவினால் வழுக்கும். வெளிச்சுற்றுக் கம்பிகள் இசட் எழுத்து வடிவில், ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். சக்கரம் உருளவும் வசதி, மழைத்தண்ணீர் உள்ளே போவதும் குறைவு.

இந்தக் குடும்பத்தில் பழையது, இரண்டே பெட்டிகள் எதிரெதிராகப் போய்வருகிற வகை. ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே. நடுவழியில் இரண்டும் கடக்கும். கயிற்றில் இரண்டு வாளி கட்டிய கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிற பெட்டியைத் தூக்க உதவும்; மோட்டார் வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

எதிரெடையின் பலத்தைக் காண நாம் தூரம் போக வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறதே, எப்படி? இரண்டு பக்கக் கோபுரங்களின் உச்சியிலும் கப்பிகள். அவற்றின்மேல் கம்பிவடங்கள். வடத்தின் ஒரு முனையில் பாலம், மறுமுனையில் எதிரெடை. பாலம் ஏற, எதிரெடை இறங்கும். ரோப் காருக்கும் அதற்கும் வேலை வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

தண்ணீரைத் தாண்ட இந்த இரட்டைப் பெட்டி வகை தோதானது. குவாஹாட்டியில் பிரம்மபுத்திராவைக் கடக்கிற ரோப்வே 2020-இல் திறந்தது. ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர், இரண்டே பெட்டி. ஆற்றின் குறுக்கே நிறையத் தூண் நட வேண்டாம் என்பது பெரிய லாபம். குறை என்ன என்றால், தூரம் கூடினால் கொள்ளளவு குறையும். ஒரே வள்ளம் வைத்துக்கொண்டு அக்கரைக்கு ஆள் ஏற்றுவது போலத்தான். பயணம் இரண்டு மடங்கு நேரம் எடுத்தால், ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர்தான் போக முடியும். வரிசையாக ஓடும் கோண்டோலாவில் அந்தக் கவலை இல்லை.

இரண்டின் நல்லதையும் சேர்த்துக் கட்டியதை 3எஸ் என்கிறார்கள். நிற்கிற வடம் இரண்டு, ஓடுகிற வடம் ஒன்று. பெட்டிகள் கழலும் கவ்வியோடு வரிசையாகப் போகும். இரட்டைத் தண்டவாளம் மாதிரி இரண்டு வடங்கள்மேல் உட்கார்ந்திருப்பதால் பக்கக் காற்றில் அதிகம் ஆடாது. தூண்களுக்கு நடுவே மிகப் பெரிய இடைவெளியும் விடலாம். 2008-இல் கனடாவின் விஸ்லரில் கட்டியதில் ஒரே தாவலாக 3 கிலோமீட்டருக்கு மேல் நடுவில் தூணே இல்லை. 2018-இல் வியட்நாமின் பூ குவோக் தீவிலிருந்து ஹோன் தோம் தீவுக்குப் போட்டது 7,899.9 மீட்டர் நீளம், கடலுக்கு மேலேயே போகிறது. கீழே மீன்பிடிப் படகுகள் நங்கூரம் போட்டு நிற்க, மேலே பெட்டிகள் போகிற படத்தைப் பெரியம்மாவிடம் போனில் காட்டினேன். "நம்ம துறை மாதிரியே இருக்கேடா" என்றார். செலவுதான் கூடுதல். சின்ன மலைக்கோவிலுக்கு 3எஸ் போடுவது வீண்.

சரக்கு ஏற்றும் ரோப்வேக்களை விட்டுவிடக்கூடாது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கியது. அப்புறம் மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துபோனது, டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. சுற்றுலா இடங்களில் பார்க்கிற ஜிப்லைனில் மோட்டாரே இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சறுக்குவதுதான்.

இவ்வளவும் கேட்டபிறகு பெரியம்மா கேட்டது எல்லாரும் கேட்பதுதான். "அறுந்தா?"

மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. நிற்கிற வடம் உள்ள வகையில், இழுக்கிற வடம் அறுந்தால் பெட்டியிலுள்ள பிரேக் உடனே நிற்கிற வடத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். 2021 மே மாதம் இத்தாலியின் மொத்தரோனே மலையில் இழுவடம் அறுந்தது. பிரேக் பிடிக்கவில்லை. அது அடிக்கடி தானாகப் பிடித்துத் தொல்லை கொடுக்கிறது என்று, பிடிக்க முடியாதபடி அதில் இரும்புக் கவை மாட்டி வைத்திருந்தார்கள். பெட்டி பின்னோக்கி ஓடி விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் பிழைத்தது. கயிறு அறுந்ததைவிட, காப்பாற்ற வைத்திருந்ததை மனிதரே முடக்கியதுதான் என்னைப் பதறவைக்கிறது.

கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று சிங்கப்பூரில் நடந்தது. பேபர் மலையிலிருந்து செந்தோசா தீவுக்கு 1974 முதல் கேபிள் கார் ஓடுகிறது, துறைமுகக் கால்வாயின் மேலாக. 1983 ஜனவரி 29 அன்று எண்ணெய் துளையிடும் கப்பல் ஒன்றின் உயரமான கோபுரம் வடத்தில் மாட்டி இழுத்தது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன, 7 பேர் இறந்தார்கள். தண்ணீருக்குமேல் வடம் கட்டினால் கீழே போகும் கலத்தின் உயரமும் கணக்கில் வர வேண்டும். பாம்பன் கால்வாய்க்காகப் பாலத்தையே தூக்கும்படி கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் காற்று. தூண்களின் உச்சியில் காற்றுவேகமானி இருக்கும். வரம்பைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பழனியில் காற்று பலமாக இருக்கும் நாளில் ரோப் கார் ஓடாதது இதனால்தான். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாமல் இருந்ததே, அதே மாதிரி. ஒற்றை வடத்தில் தொங்குகிற பெட்டியைத்தான் காற்று அதிகம் ஆட்டும். நம் பக்கத்துக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், தென்கடல் ஓரமாக ஒற்றை வட ரோப் கார் ஒன்று இருந்திருந்தால் பாதி நாள் நின்றுதான் கிடக்கும்.

உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். வடக் கம்பிகளுக்குத் துத்தநாகப் பூச்சு, உள்ளே மசகு. அதற்குமேல் காந்தச் சோதனை: வடத்தை ஒரு காந்தக் கருவிக்குள் ஓடவிட்டால், உள்ளே கம்பி அறுந்த இடத்தில் காந்தப்புலம் கசியும், கருவி அதைப் பிடித்துக் காட்டும். பெரியப்பாவின் சோதனை வேறு. பழைய வேட்டித் துணியை வின்ச் வடத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடவிடுவார். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெளிக்கம்பிக்கு அது போதும். உள்ளே அறுந்ததைத்தான் துணி காட்டாது. பழனியில் ஆண்டுதோறும் ஒரு மாதம் போல ரோப் காரை நிறுத்திப் பராமரிப்பது, பக்தர்களுக்குச் சலிப்பாக இருந்தாலும், அவசியமான வேலை.

இருட்டத் தொடங்கியிருந்தது. பெரியம்மா டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு கரண்டி பஞ்சாமிர்தம் வைத்தார்.

"அப்ப பழனியில இருக்கிறது நிக்கிற கயிறா, ஓடுற கயிறா?"

"தூண்கிட்ட போகும்போது மேல பாருங்க பெரியம்மா. கயிறு ஒரு பள்ளத்துல அசையாமப் படுத்திருந்தா நிக்கிற கயிறு. சின்னச் சின்ன உருளைமேல ஓடிட்டிருந்தா ஓடுற கயிறு."

"கண்ணை மூடிக்கிட்டுல்ல வந்தேன்" என்றார். "அடுத்த கிருத்திகைக்குப் போறோம். உங்க பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போறேன், அவரு பாத்துச் சொல்லட்டும்."

பெரியப்பா கரண்டியை நக்கிவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். "அந்தச் சேர்த்த எடம் வருதான்னு பாக்கணும்" என்றார்.